பிள்ளைத்தாய்ச்சியின் மனப்பதற்றம்

கருவுற்ற பெண்ணுக்கு வீட்டாரும் உறவினரும் அண்டை அயலாரும் வழங்கும் அறிவுரைகளில், உணவைப் பற்றியவற்றுக்கு அடுத்தபடியாக மிகுதியும் சொல்லப்படுவது, கவலைப்படக்கூடாது என்பதும், கவலைப்பட்டால் அது வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும் என்பதும் ஆகும். அன்பினால் சொல்லப்படும் இந்த அறிவுரையின் முற்பாதி கேட்பவளால் நிறைவேற்ற இயலாத ஒன்றைக் கோருகிறது. பிற்பாதியோ, ஏற்கெனவே கலங்கியிருப்பவளுக்குத் தன் கலக்கமே பிள்ளைக்குத் தீங்காய் முடியுமோ என்ற இன்னொரு கவலையைச் சேர்த்துக் கொடுக்கிறது. பேறுகால மனப்பதற்றத்தைப் பற்றிக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மருத்துவ உலகம் அறிந்துகொண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், பதற்றத்தை அடக்கிக்கொள்ளுமாறு சொல்வதைக் காட்டிலும், விடை கிடைத்தால் தணியும் கவலை எது, விடை கிடைத்த பின்னும் தணியாத கவலை எது என்று பிரித்தறிய அவளுக்குத் துணைசெய்வதே பயன் தருகிறது என்பது தெரியவரும்.

மனப்பதற்றம் என்பது இன்னும் நிகழாத ஒரு தீங்கை எதிர்நோக்கி மனமும் உடலும் ஓயாமல் விழிப்பு நிலையில் இருப்பதாகும். ஓரளவு பதற்றம் பேறுகாலத்தில் இயல்பானது மட்டுமன்றித் தேவையானதும்கூட. குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லவும், இரும்புச்சத்து மாத்திரையை மறவாமல் விழுங்கவும் அதுவே தூண்டுகிறது. 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டுப் பெண்களும் கடைசி மூன்று மாதங்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டுப் பெண்களும் தங்களுக்குப் பதற்றத்தின் அறிகுறிகள் இருப்பதாகத் தெரிவித்தனர். முறையான நேர்காணலின் வழியே பதற்றக் கோளாறு, அதாவது அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவுக்கு முற்றிய பதற்றம், இருப்பதாக உறுதிசெய்யப்பட்டவர்கள் 15 விழுக்காட்டினர். இதைச் சிலருடைய பலவீனமாகவோ புதிய தலைமுறையின் வழக்கமாகவோ ஒதுக்கிவிட இயலாது என்பதற்கு இவ்வெண்களே போதும்.

பதற்றத்தை இனங்காண்பதில் முதல் இடர்ப்பாடு கருவுற்ற உடலே ஆகும். பேறுகாலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுவதால் இதயம் நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது முறை வரை கூடுதலாகத் துடிக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர் மூச்சுவிடும் வேட்கையை மிகுவிப்பதால், மாடிப்படி ஏறாதபோதும் மூச்சு வாங்குவது போலத் தோன்றுகிறது. உறக்கம் கலைகிறது, வயிறு புரட்டுகிறது, கை கால் ஓய்ந்துபோகிறது. பதற்றமும் இதே குறிகளையே காட்டுவதால், படபடப்பை உணரும் பெண் தனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அஞ்சுவதும், அந்த அச்சத்தால் படபடப்பு மேலும் ஏறுவதும் நேர்கின்றன. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: உண்மையான உடற்கோளாறு ஒன்றை வெறும் பயம் என்று தள்ளிவிடுவது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகையும் தைராய்டு சுரப்பின் மிகுதியும் படபடப்பையும் சோர்வையும் உண்டாக்க வல்லவை. ஆகவே படபடப்பு தொடர்ந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையே முதலில் செய்யத்தக்கது. மனம் பற்றிய ஆராய்ச்சி அதற்குப் பின் வரலாம்.

கவலைகளின் உள்ளடக்கத்துக்கு வந்தால், அவற்றுள் பெரும்பகுதி மாதத்துக்கு மாதம் மாறுவதையும், அந்தந்த மண்ணின் நம்பிக்கைகளால் உருப்பெறுவதையும் காணலாம். முதல் மூன்று மாதங்களில் தலையாய அச்சம் கருச்சிதைவைப் பற்றியது. முன்பு ஒருமுறை கருவை இழந்தவளுக்கு இது பன்மடங்காகும். உறுதிசெய்யப்பட்ட கருக்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை சிதைவது உண்டு என்பதால் இந்த அச்சத்தை அடிப்படையற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தொடக்ககாலச் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருத்தரிக்கும் வேளையிலேயே குரோமோசோம்களில், அதாவது மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளில், நேரும் பிறழ்வினால் விளைபவை. குடத்தைத் தூக்கியதும் பேருந்தில் குலுங்கியதும் பப்பாளித் துண்டொன்றைத் தின்றதும் அதற்குக் காரணமாகா. கரு கலைந்த வீடுகளில், அவள் என்ன செய்தாள் என்று தேடும் வழக்கம் அடுத்த பேற்றின் பதற்றத்துக்கு இப்போதே வித்திடுகிறது என்பதை அவ்வாறு தேடுபவர்கள் உணர்வதில்லை.

நடு மாதங்களில் கவலையை ஊட்டுவது பெரும்பாலும் ஸ்கேன் அறிக்கை. உறுப்புகளின் அமைப்பைப் பார்ப்பதற்காக ஏறத்தாழ 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யப்படும் ஸ்கேனில், நஞ்சு கீழே இருக்கிறது என்று எழுதப்பட்டிருந்தால், ரத்தப்போக்கும் ஆபரேஷனும் வந்தே தீரும் என்று குடும்பமே கலங்குவது வழக்கம். கருப்பை வளர வளர அதன் கீழ்ப்பகுதி நீள்வதால், அவ்வாரங்களில் கீழே காணப்பட்ட நஞ்சு பத்தில் ஒன்பது பேருக்குப் பிரசவ காலத்துக்குள் மேலேறிவிடுகிறது. பிற்பகுதியில் மறுமுறை பார்க்கச் சொல்வது அதனால்தான். கொடி சுற்றியிருக்கிறது என்ற சொற்றொடர் அதைவிடக் கொடியது. அது பிள்ளையின் கழுத்தை நெரிக்கும் என்ற அச்சத்தோடு, கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்ற வழக்கும் சேர்ந்துகொள்கிறது. பிறக்கும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குத் தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருப்பதும், வயிற்றிலுள்ள சிசு கழுத்தின் வழியே மூச்சுவிடாமல் கொடியின் வழியே ஆக்சிஜனைப் பெறுவதும், அவற்றுள் மிகப்பெரும்பாலானவை இடரின்றிப் பிறப்பதும் அறியப்பட்டால், தாயின் கலக்கம் குறைவதோடு மாமன்மாரின் கலக்கமும் குறையக்கூடும்.

எட்டாம் மாதத்தைப் பற்றிய அச்சம் இவற்றினும் பழமையானது. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்ற நம்பிக்கை தமிழகத்தில் இன்றும் பாட்டிமாரிடம் வழங்குவது. வியப்பென்னவெனில், பண்டைக் கிரேக்கத்தில் ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களிலும் இதே கருத்து இடம்பெற்றுள்ளது. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலும் மூளையும் முதிர்வதால், எட்டில் பிறந்த குழந்தை ஏழில் பிறந்ததைவிட நன்றாகவே பிழைக்கிறது. இவ்வகைக் கவலைகள் எல்லாம் விடை உடையவை. விளங்கும் மொழியில், அறிக்கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசக்கூடிய ஒரு மருத்துவரோ கிராம சுகாதார செவிலியரோ இருந்தால் இவை தணியும். அவசரத்தில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடம் தானாகக் கிடைப்பதில்லை என்பதால், கேட்க வேண்டிய மூன்று நான்கு கேள்விகளை முன்னதாகவே தாளில் எழுதிக்கொண்டு செல்வது எளிய வழி.

விடையை எதிர்பார்த்து வீட்டில் காத்திருக்கக்கூடாத குறிகளும் சில உள்ளன. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல், ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், கண் மங்கலோடு கூடிய கடுந்தலைவலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், இது பதற்றத்தால் வந்த எண்ணமாக இருக்குமோ என்று தயங்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி இல்லாவிடில் 108 ஆம்புலன்ஸ் உண்டு. பதற்றமுடைய பெண்ணைத் தேவையின்றி ஓடிவருபவள் என்று கேலிசெய்யும் வீட்டிலும் மருத்துவமனையிலும், ஓடிவர வேண்டிய நாளில் அவள் வராமல் இருந்துவிடும் இடர் இருக்கிறது.

கடைசி மாதங்களில் பிரசவ வலியும் ஆபரேஷனும் பற்றிய அச்சம் மேலோங்குகிறது. மேற்சொன்ன தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியன் மூலம் நிகழ்ந்தவை ஏறத்தாழ 45 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் அது 64 விழுக்காட்டை எட்டியது. ஆகவே அறுவைக்கு ஆளாக நேருமோ என்று எண்ணுவது கற்பனை அச்சமன்று. சுகப்பிரசவத்தைப் பெண்ணின் திறமையாகவும் ஆபரேஷனை அவளுடைய தோல்வியாகவும் பேசும் வழக்கம் ஒழிந்தாலே இந்த அச்சத்தின் பாதி நீங்கும். இதைக் கடந்து, பிரசவத்தையே நினைத்துப் பார்க்க இயலாத அளவுக்கு முற்றிய பீதியை ‘டோகோஃபோபியா’ என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர். பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே 1858இலேயே இத்தகைய அச்சத்தை விவரித்தார். ஹோஃப்பெர்க், பிராக்கிங்டன் என்னும் இருவர் 2000இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே அது இப்பெயரால் பரவலாக அறியப்பட்டது. முதல் பேற்றுக்கு முன்பே சிலருக்கு இது இருக்கும். முந்தைய பிரசவத்தில் நேர்ந்த கொடுந்துன்பத்தின் விளைவாகவும் வரும்.

விடை கிடைத்தால் தணிவது, கிடைத்த பின்னும் தணியாதது என்ற இரண்டிலும் சேராத ஒரு வகைக் கவலை உண்டு. அது பிறப்பது பெண்ணாக இருந்தால் வீடு எப்படி நடத்தும், தாய்வீட்டுச் சீர் போதாதென்று என்ன பேச்சு வரும், குடித்துவிட்டு வரும் கணவன் இன்று கைநீட்டுவானோ என்பன போன்றது. பிள்ளையின் பாலினம் தந்தையின் விந்தணுவால் அமைவது என்ற செய்தியும், அதை ஸ்கேனில் பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்ற செய்தியும் இங்கே ஓரளவே உதவும். இத்தகைய வீட்டில் வாழும் பெண்ணின் பதற்றம் அவளுடைய சூழலைச் சரியாகக் கணித்ததன் விளைவு. மூச்சுப்பயிற்சியால் அதைப் போக்கிவிடலாம் என்று சொல்வது ஏமாற்றே ஆகும். அவளுக்கு வேண்டியவை பாதுகாப்பும், தாய்வீடோ பிற உறவோ தரும் புகலிடமும், தேவையெனில் 181 என்ற மகளிர் உதவி எண்ணும்.

இனி, தாயின் கவலை பிள்ளையைப் பாதிக்கும் என்ற கூற்றை நேராகவே ஆராயலாம். கருவிலிருந்தே சக்கரவியூகத்தைக் கேட்டறிந்த அபிமன்யுவின் கதையைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்தில் இக்கூற்று எளிதில் வேரூன்றுவது இயல்பு. அதில் உண்மையின் கூறும் இல்லாமலில்லை. தணியாத கடும்பதற்றத்துக்கும் குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு ஆகியவற்றுக்கும் ஓரளவு தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் பேறுகாலத்தில் இருந்த பல்லாயிரம் தாய்மார்களின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், பதற்றம் மிகுந்திருந்த 15 விழுக்காட்டுத் தாய்மாரின் பிள்ளைகளில் மனநலச் சிக்கலுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். மற்றவர்களின் பிள்ளைகளில் அது ஏறத்தாழ 7 பேர். இதை இருமடங்குக்கு அருகில் என்று தலைப்பிட்டு அச்சுறுத்தவும் செய்யலாம். மிகக் கடும்பதற்றத்துக்கு ஆளான தாய்மாரிடமும் நூற்றுக்கு 88 பிள்ளைகளுக்கு அத்தகைய சிக்கல் எதுவும் நேரவில்லை என்று படிக்கவும் செய்யலாம். இரண்டாவது வாசிப்பே கருவுற்ற பெண்ணிடம் சொல்லத்தக்கது. மேலும், இத்தகைய ஆய்வுகள் பேசுவது மாதக்கணக்கில் நீடிக்கும் கடும்பதற்றத்தைப் பற்றியே அன்றி, ஒரு நாள் அழுததையோ ஓர் இரவு உறங்காததையோ பற்றியன்று.

எந்த எல்லையில் கவலை நோயாகிறது என்பதை அறிய எளிய வினாக்கள் உள்ளன. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறி 2014 முதல் பேறுகாலப் பரிசோதனையின்போது இரண்டு கேள்விகளைக் கேட்கப் பரிந்துரைக்கிறது: கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் மனம் பதறியது, எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியாமல் போனது என்பவையே அவை. ஒருநாளும் இல்லை என்பதற்குப் பூச்சியம், சில நாள் என்பதற்கு ஒன்று, பாதி நாளுக்கு மேல் என்பதற்கு இரண்டு, ஏறக்குறைய நாள்தோறும் என்பதற்கு மூன்று என மதிப்பிட்டு, இரண்டும் சேர்ந்து மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். இவை வாயிற்கதவுகளே, நோயை முடிவுசெய்வது மருத்துவரின் பணி. திடீரென உயிர் போவது போன்ற பீதி அலையாக வந்து சில நிமிடங்களில் அடங்குவதும், பிள்ளைக்குத் தானே தீங்கிழைத்துவிடுவது போன்ற விரும்பாத எண்ணம் மீண்டும் மீண்டும் தோன்றுவதும் பதற்றத்தின் வேறு வடிவங்கள். பின்னதை வெட்கத்தாலும் அச்சத்தாலும் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. அவ்வெண்ணத்தைக் கண்டு அவள் அருவருப்பும் திகிலும் அடைவதே அது அவளுடைய விருப்பமன்று என்பதைக் காட்டுகிறது என்றும், அது சிகிச்சைக்கு இணங்குவது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சை என்றவுடன் மனநல மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி எழும். அதற்கு அண்டை நாட்டிலிருந்தே ஒரு விடை கிடைத்திருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர், மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளுக்காக உருவாக்கிய உரையாடல் முறையை, மருத்துவப் பட்டம் இல்லாத கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து 2008இல் அதன் பயனை வெளியிட்டனர். உலகச் சுகாதார நிறுவனம் அதைக் கையேடாக ஏற்றுக்கொண்டது. அதே மரபில், ராவல்பிண்டியின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்குப் பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த பெண்களில் பதற்றம் மட்டும் இருந்தவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2024இல் வெளியானது. உளவியல் பட்டம் பெற்றிருந்தாலும் சிகிச்சை அனுபவம் இல்லாத பெண்களே அதில் ஆறு அமர்வுகளை நடத்தினர். பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, நடுத்தரமோ கடுமையோ ஆன பதற்றம் அமர்வுகளில் கலந்துகொண்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், கலந்துகொள்ளாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் இருந்தது. மனச்சோர்வு முறையே 12, 41 விழுக்காட்டினருக்கு இருந்தது. தமிழ்க் குடும்பங்களைப் போலவே மாமியாரும் நாத்தனாரும் சூழ வாழும் குடும்பங்களில், மருந்தின்றிப் பேச்சால் மட்டும் கிடைத்த பயன் இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்த அமர்வுகளின் அடிப்படை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் முறை. எண்ணம் உணர்வைத் தூண்டுகிறது, உணர்வு செயலை மாற்றுகிறது, மாறிய செயல் எண்ணத்தை மேலும் உறுதியாக்குகிறது என்ற சுற்றை அது எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க முனைகிறது. சான்றாக, அசைவு சற்றுநேரம் தெரியவில்லை என்றால் பிள்ளை போய்விட்டது என்று எண்ணுபவள், தான் எண்ணியதை முதலில் ஓர் எண்ணமாக இனங்காண்கிறாள். சிசுவும் உறங்கும் என்ற வேறு விளக்கத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்கிறாள். பின்பு இடப்புறமாகச் சாய்ந்து படுத்து அசைவைக் கவனிக்கிறாள், வராவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புகிறாள். இதைப் பேசிப் புரியவைப்பதோடு நிறுத்தாமல் அடுத்த சந்திப்புவரை வீட்டில் செய்துபார்க்கச் சொல்வதில்தான் அம்முறையின் பயன் இருக்கிறது.

வீட்டிலேயே பழகத்தக்கவற்றுள், அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக் குழுவினர் 1983இல் வெளியிட்ட வழி எளியது: நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரைமணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது. கவலைப்படாதே என்று சொல்லாமல், இப்போது வேண்டாம், மாலையில் என்று சொல்வதால் மனம் அதற்கு இணங்குகிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியில், கால் விரல் தொடங்கி முகம்வரை ஒவ்வொரு தசைத் தொகுதியையும் இறுக்கித் தளர்த்த வேண்டும். படுக்கையில் உறக்கம் வராத நேரத்துக்கு இது ஏற்றது. மருத்துவத் தடை இல்லாதவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும், பதற்றத்தைக் கூட்டும் காஃபியை ஒரு குவளையோடு நிறுத்துவதும் சொல்லத்தக்கவை. இதற்கு எதிராக, பயம் வந்தபோதெல்லாம் மறுபடி ஸ்கேன் எடுப்பதும், நள்ளிரவில் கைப்பேசியில் நோய்க்குறிகளைத் தேடுவதும் சில மணிநேர நிம்மதியைத் தந்து, அடுத்த முறை அதே நிம்மதிக்கு இன்னும் கூடுதலாகத் தேட வைக்கின்றன.

சுற்றத்தின் துணை என்பதற்குத் தமிழர் ஏற்கெனவே ஒரு வடிவம் கொடுத்துள்ளனர். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ நடக்கும் வளைகாப்பு, பெற்றுப் பிழைத்த பெண்கள் கூடி ஒருத்தியின் கையில் வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் சடங்கு. அரசும் அங்கன்வாடிகள் வழியே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. பிள்ளையை இழந்தவளையும் பிள்ளை இல்லாதவளையும் அந்தக் கூட்டத்தில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் மட்டும் அதன் நோக்கத்துக்கே முரணானது, ஏனெனில் அடுத்த பேற்றில் துணை மிகவும் தேவைப்படுபவள் அவளே. பிரசவ அறையிலும் துணையின் பயன் ஆய்வில் தெரியவந்துள்ளது: 17 நாடுகளைச் சேர்ந்த பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, இடைவிடாத துணை பெற்றவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும் சிசேரியன் குறைவாகவும் அமைந்ததைக் காட்டியது. துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே அனுமதிப்பார்களா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பேச்சால் தணியாத கடும்பதற்றத்துக்கு மருந்து வேண்டியிருக்கும். செர்ட்ரலின் போன்றவை பேறுகாலத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. அவற்றின் சிறு இடரையும் சிகிச்சையற்ற நோயின் இடரையும் எடைபோட்டு மருத்துவர் முடிவுசெய்வார். ஏற்கெனவே மருந்து உட்கொள்பவள் கருவுற்றதை அறிந்தவுடன் தானாக நிறுத்திவிடுவதே மிகுதியும் நேரும் தவறு. நோய் திரும்பும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. மறுபுறம், உறக்கத்துக்கென்று கடையில் வாங்கி விழுங்கப்படும் அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகளைப் பிரசவத்தை ஒட்டித் தொடர்ந்து உட்கொண்டால் பிறந்த குழந்தைக்கு மந்தமும் மூச்சுத் தடையும் நேரலாம். இவ்விரு நிலையிலும் மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். பேறுகால மனநலத்துக்கெனத் தாயையும் சேயையும் ஒருங்கே சேர்த்துக்கொள்ளும் பிரிவை பெங்களூரு நிம்ஹான்ஸ் 2009 முதல் நடத்திவருகிறது. நேரில் செல்ல இயலாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கணவரோ தாயோ அவளுக்காக அழைத்துக் கேட்பதற்கும் அந்த எண் பயன்படும்.